யாகூத் கதையின் ராவி யார்?
சுல்தான் ரளியாவும் வரலாற்றாசிரியர்களும்

பெண்கள் அரபுக் கல்லூரியொன்றில் இந்திய இஸ்லாமிய வரலாறு நடத்தும் பொறுப்பு சில ஆண்டுகள் நம்மிடம் இருந்தது. தில்லியை ஆண்ட ரளியாவின் பாடம் வரும்போதெல்லாம் வழமையாக ஒரே விதமாகத்தான் சொல்லி முடிப்போம்: ஆற்றல் மிக்க பெண்; மூன்றரை ஆண்டுகள் ஆண்டார்; யாகூத் என்னும் அபிசீனிய அடிமைமீது கொண்ட விருப்பத்தால் ஆட்சியையும் உயிரையும் இழந்தார். ஓராண்டு இவ்விடத்தில் திரைக்கு அப்பாலிருந்து ஒரு மாணவி கேட்டார்: "இதன் ராவி யார், ஹள்ரத்?"

நம்மிடம் விடை இல்லை. அன்று காலை அதே மாணவிகளுக்கு உஸூலுல் ஹதீஸ் நடத்தியவரும் நாமே. செய்தி எவர் வழியாக வந்தது, அவர் நிகழ்ச்சியைக் கண்டவரா, கேட்டவரா, தொடர் எங்கே அறுந்தது என்றெல்லாம் பார்க்காமல் எதையும் ஏற்கலாகாது என்று காலையில் கற்பித்துவிட்டு, பிற்பகலில் ஒரு முஸ்லிம் பெண்ணின் மானத்தைத் தொடும் செய்தியை ஸனது ஏதுமின்றி ஓதியிருக்கிறோம். எங்கோ படித்தது, எவரோ சொன்னது, அவ்வளவுதான். அந்த மாணவிக்கு நாம் தர வேண்டிய விடையே இக்கட்டுரை. சற்றுத் தாமதமாகவே வருகிறது.

பாடநூல்களில் ரஸியா என்று அச்சாகும் பெயர் அரபு எழுத்தின்படி ரளிய்யா. தமிழில் ரளியா எனலாம். அவர் காலத்தில் தில்லியில் வாழ்ந்து, அவரை நேரில் அறிந்து எழுதிய வரலாற்றாசிரியர் ஒருவர்தாம் நமக்கு வாய்த்திருக்கிறார். 'தபகாத்தே நாஸிரீ' என்னும் பாரசீக நூலை ஹிஜ்ரீ 658இல் (1260) முடித்த மின்ஹாஜுஸ் ஸிராஜ் ஜூஸ்ஜானீ. குவாலியரின் காஜியாக இருந்த இவர் ஹிஜ்ரீ 635இல் தில்லிக்கு வந்தபோது நாஸிரிய்யா மத்ரஸாவின் பொறுப்பை இவருக்கு அளித்தவர் ரளியாவே. ஆகவே நன்றிக் கடன் பட்டவர் என்று இவரைப் பற்றி ஐயுற இடமுண்டு. ஆனால் ரளியாவை நீக்கிவிட்டு அரியணை ஏறிய பஹ்ராம் ஷாவும் இவரைத் தலைமை காஜியாக்கினார். நூலை எழுதிய காலத்தில் தில்லியில் செல்வாக்குடன் இருந்தவர்களோ ரளியாவைக் கவிழ்த்த துருக்கிய அமீர்களின் வர்க்கத்தினர். ரளியாவை இகழ்ந்து எழுதினால் இவருக்கு இழப்பு ஏதும் நேர்ந்திராது. புகழ்ந்து எழுதுவதால் இலாபமும் இல்லை. ஒரு ராவியைப் பற்றி நாம் கேட்க வேண்டிய முதற் கேள்விகள் இவை என்பதால் இங்கே சொல்லி வைத்தோம்.

மின்ஹாஜ் தரும் செய்தி இது. சுல்தான் ஷம்ஸுத்தீன் இல்துத்மிஷின் மூத்த மகன் நாஸிருத்தீன் மஹ்மூத் 1229இல் காலமானார். குவாலியர் படையெடுப்பிலிருந்து 1232இல் திரும்பிய சுல்தான், தம் செயலர் தாஜுல் முல்க் மஹ்மூதை அழைத்து, மகள் ரளியாவைத் தம் வாரிசாக அறிவிக்கும் ஆணையை எழுதச் செய்தார். வயது வந்த ஆண்மக்கள் இருக்க மகளை நியமிப்பதன் காரணம் என்ன என்று அமீர்கள் கேட்டனர். பிள்ளைகள் இளமை இன்பங்களில் மூழ்கிக் கிடக்கிறார்கள், நாட்டைக் காக்கும் திறன் அவர்களில் எவருக்கும் இல்லை, நம் காலத்துக்குப் பின் இதை நீங்களே காண்பீர்கள் என்ற கருத்தில் சுல்தான் விடை கூறினார். ஒரு தந்தை பாசத்தால் செய்த முடிவாக இதைக் கொள்ள முடியவில்லை. அடிமையாக விற்கப்பட்டு, திறமையால் மட்டுமே அரியணைக்கு வந்தவர் இல்துத்மிஷ்.

1236ஆம் ஆண்டு ஏப்ரலில் சுல்தான் இறந்ததும் அமீர்கள் அந்த ஆணையை ஒதுக்கிவிட்டு மகன் ருக்னுத்தீன் ஃபீரோஸை அமர்த்தினர். அவர் கேளிக்கையில் திளைக்க, அதிகாரம் அவருடைய தாய் ஷாஹ் துர்கான் கைக்குப் போயிற்று. இல்துத்மிஷின் இன்னொரு மகனின் கண்கள் பறிக்கப்பட்டு, பின்னர் உயிரும் பறிக்கப்பட்டது. மாகாண அமீர்கள் கிளர்ந்தெழுந்தனர். ருக்னுத்தீன் படையுடன் வெளியே சென்றிருந்த வேளையில் ரளியாவையும் கொல்லத் திட்டமிடப்பட்டது. தில்லி மக்கள் திரண்டு அரண்மனைக்குள் புகுந்து ஷாஹ் துர்கானைச் சிறைபிடித்தனர். ரளியா அரியணை ஏறினார். ருக்னுத்தீனின் ஆட்சி ஆறு மாதம் இருபத்தெட்டு நாளில் முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரளியாவை அமர்த்தியவர்கள் தலைநகர மக்களும் அங்கிருந்த படையினரும். ருக்னுத்தீனுக்கு எதிராக ஏற்கெனவே புறப்பட்டிருந்த மாகாண அமீர்களிடம் எவரும் கேட்கவில்லை. புதிய சுல்தானை ஏற்க மறுத்த வஸீர் நிஸாமுல் முல்க் ஜுனைதீயும் நான்கு மலிக்குகளும் தில்லியை முற்றுகையிட்டனர். ரளியா நகரைவிட்டு வெளியே வந்து யமுனைக் கரையில் கூடாரமடித்தார். எதிரணியில் இருந்த ஸாலாரீ, கபீர் கான் அயாஸ் இருவருடனும் இரகசியமாகப் பேசித் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். செய்தி கசிந்ததும் எஞ்சியோர் ஓடினர். ஜுனைதீ ஸிர்மூர் மலைப்பகுதிக்குத் தப்பிச் சென்று அங்கேயே இறந்தார். பெரும் போர் ஏதுமின்றி ஒரு கூட்டணி கலைக்கப்பட்டது. இதையே இல்துத்மிஷோ பிற்காலத்தில் பல்பனோ செய்திருந்தால் வரலாற்றாசிரியர்கள் அரசியல் மதிநுட்பம் என்று தனி அத்தியாயம் எழுதியிருப்பர். ரளியாவின் செய்கையைச் சூழ்ச்சி என்று குறிக்கும் நூல்களை நாம் கண்டிருக்கிறோம்.

அதன்பின் கிழக்கே லக்னௌதி முதல் மேற்கே தேபல் வரை எல்லா அமீர்களும் பணிந்தனர் என்று மின்ஹாஜ் எழுதுகிறார். நாணயங்கள் அச்சாயின. அவற்றில் 'அஸ்ஸுல்தானுல் முஅழ்ழம்' என்ற ஆண்பால் பட்டமும் 'ரளிய்யத்துத் துன்யா வத்தீன்' என்ற பெண்பால் சிறப்புப் பெயரும் அருகருகே நிற்கின்றன. இலக்கணம் நடத்துபவர்களாகிய நமக்கு இதைக் கண்டால் சிவப்பு மையெடுக்கத் தோன்றும். ஆனால் அங்கே பிழை இல்லை. சுல்தான் என்பது பதவி; பதவிக்கு அன்று பெண்பால் வழக்கில் இல்லை. 'சுல்தானா' என்று நாம் இன்று எழுதுவது பிற்கால வழக்கு.

இதே காலத்து எகிப்து நாணயம் ஒன்றை இதனருகே வைத்துப் பார்க்கலாம். 1250இல், சிலுவைப் படையின் தாக்குதலுக்கு நடுவே, கணவர் ஸாலிஹ் அய்யூபின் மரணத்தை மறைத்துப் போரை நடத்திய ஷஜருத் துர் பின்னர் எண்பது நாட்கள் ஆண்டார். அவருடைய நாணயமும் குத்பாவும் அவரைக் கலீஃபா முஸ்தஃஸிமைச் சார்ந்தவர், ஸாலிஹைச் சார்ந்தவர், கலீலின் தாய் என்று மூன்று ஆண்களின் பெயரால் அறிமுகப்படுத்தின. அந்தக் கலீல் குழந்தையிலேயே இறந்துவிட்டவர். அவ்வளவு பணிந்து நின்றும் பயனில்லை. பக்தாதின் ஒப்புதல் வரவில்லை. அரியணையைத் துருக்கியத் தளபதி அய்பக்குக்கு விட்டுக்கொடுத்து அவரை மணக்க நேர்ந்தது. ரளியா தம் பெயரிலேயே நின்றார். மூன்றரை ஆண்டுகள் நின்றார்.

இனி யாகூத். ஜமாலுத்தீன் யாகூத் என்னும் ஹபஷீ, அரச இலாயங்களின் தலைவராகிய 'அமீரே ஆகூர்' பதவியில் இருந்தார். சுல்தானின் பணியில் அவருக்கு நெருக்கம் கிடைத்தது, துருக்கிய அமீர்கள் அதனால் பொறாமையுற்றனர் என்று மின்ஹாஜ் எழுதுகிறார். அவ்வளவே. அதை அடுத்துத்தான் ரளியா பெண்களின் உடையை நீக்கி, கபாவும் குலாவும் அணிந்து, திரையைவிட்டு வெளிவந்தார் என்றும், யானைமீது அவர் ஏறிச் செல்கையில் மக்கள் யாவரும் வெளிப்படையாகக் கண்டனர் என்றும் சொல்கிறார். கபா என்பது அங்கி; குலா என்பது உயர்ந்த தொப்பி. இவ்விரண்டு செய்திகளுக்கும் மின்ஹாஜ் தம் கண்டனம் எதையும் சேர்க்கவில்லை. யாகூத்தைப் பற்றித் தகாத சொல் ஒன்றுகூட அவர் நூலில் இல்லை.

அமீர்களின் பொறாமைக்குக் காரணம் தேட நாம் அந்தப்புரம் வரை போக வேண்டியதில்லை. தில்லியின் முதல் சுல்தானாகிய குத்புத்தீன் அய்பக், கோரி சுல்தானிடம் பணியாற்றிய காலத்தில் வகித்த பதவி இதே அமீரே ஆகூர்தான். அந்தப் படியில் கால்வைத்த ஒருவர் எதுவரை ஏறலாம் என்பது துருக்கிய அமீர்களுக்குத் தெரியும். தங்கள் இனத்தவர் தவிர வேறெவரும் ஏறக்கூடாது என்று அவர்கள் எண்ணிய படியில் ஒரு ஹபஷீ நின்றார். அவரை நிறுத்தியவரோ, தங்கள் சொற்படி நடப்பார் என்று அவர்கள் எண்ணியிருந்த பெண்.

உடை மாற்றத்தையும் இவ்வழியிலேயே நாம் விளங்கிக்கொள்கிறோம். சுல்தான் திரைக்குப் பின்னால் இருந்தால் மனுக்களை உள்ளே கொண்டுபோகவும் ஆணைகளை வெளியே கொண்டுவரவும் ஓர் இடையாள் வேண்டும். அந்த இடையாளே நாளடைவில் அரசனாகிவிடுவான். ரளியா வெளியே வந்தபோது இடைநின்றோர்க்கு வேலை இல்லாமற் போயிற்று. மார்க்க நோக்கில் அவ்வுடை பற்றி ஆலிம்கள் கூறுவதற்கு இடமுண்டு. நமக்கும் அதில் கருத்துண்டு. ஆயினும் அமீர்கள் ஷரீஅத்தின்மீது கொண்ட பற்றினால்தான் வாளெடுத்தார்கள் என்று காட்ட மின்ஹாஜிடம் ஒரு வரியும் இல்லை. அவரை நீக்க ஃபத்வா எதுவும் பெறப்பட்டதாகவும் அவர் சொல்லவில்லை.

கபீர் கான் லாகூரில் கிளர்ந்தபோது ரளியாவே படை நடத்திச் சென்று பணியவைத்தார். திரும்பிய சில நாட்களில் தபர்ஹிந்தாவில் (இன்றைய பட்டிண்டா) அல்தூனியா கிளர்ந்தார். 1240 ஏப்ரலில், ரமளான் மாதத்தில், ரளியா அங்கே சென்றபோது உடன்வந்த துருக்கிய அமீர்களே யாகூத்தைக் கொன்றுவிட்டு, ரளியாவைச் சிறைபிடித்து அந்தக் கோட்டையில் அடைத்தனர். தில்லியில் அவருடைய சகோதரர் பஹ்ராம் ஷா அமர்த்தப்பட்டார். பதவிகளைப் பங்கிட்டபோது அல்தூனியாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் ரளியாவை மணந்துகொண்டார். இருவரும் தில்லிமீது படையெடுத்துத் தோற்றனர். கைத்தல் அருகே படையினர் விட்டுப்போக, 1240 அக்டோபரில் இருவரும் கொல்லப்பட்டனர். மின்ஹாஜ் இதற்கு 'ஷஹாதத்' என்ற சொல்லையே ஆள்கிறார்.

வென்ற அமீர்களின் கதையும் நீண்டதன்று. நாட்டின் நாயிபாகித் தம் வாசலில் யானை கட்டி நௌபத் முழக்கிய அய்தகீனைச் சில மாதங்களிலேயே பஹ்ராம் ஷா கொல்வித்தார். 1241 இறுதியில் மங்கோலியர் லாகூரைச் சூறையாடினர். 1242இல் பஹ்ராம் ஷாவும் கொல்லப்பட்டார். அடுத்து வந்த அலாவுத்தீன் மஸ்ஊத் 1246இல் சிறையிடப்பட்டார். பத்தாண்டுகளில் கவிழ்க்கப்பட்ட ஆட்சியாளர் நால்வர். அவர்களில் மூவர் ஆண்கள். ருக்னுத்தீனின் வீழ்ச்சிக்கு அவருடைய கேளிக்கையும், பஹ்ராமின் வீழ்ச்சிக்கு அவர் நம்பியோரின் வஞ்சனையும், மஸ்ஊதின் வீழ்ச்சிக்குத் தீய சேர்க்கையும் காரணமாகச் சொல்லப்பட்டன. ஆண் என்பதால் வீழ்ந்தார் என்று எவரைப் பற்றியும் எவரும் எழுதவில்லை. நால்வரில் ரளியாவுக்கு மட்டும் குறை பிறப்பிலேயே தேடப்பட்டது. மின்ஹாஜ்கூட இதிலிருந்து முழுதும் விடுபடவில்லை. அறிவு, நீதி, ஈகை, ஆலிம்களைப் போற்றல், படை நடத்தல் என அரசர்க்குரிய பண்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டிவிட்டு, ஆண்களின் கணக்கில் சேராத பிறவியானதால் இவை யாவும் அவருக்கு என்ன பயன் தந்தன என்று முடிக்கிறார். இதை மின்ஹாஜின் தீர்ப்பு என்பவரும் உளர். பெருமூச்சு என்பவரும் உளர். மூலத்தைப் பலமுறை படித்தபின் நமக்குப் பெருமூச்சாகவே தோன்றுகிறது.

யாகூத் கதை பிறந்தது இதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின். 1350இல் தக்காணத்தில் பஹ்மனீ சுல்தானுக்காக 'ஃபுதூஹுஸ் ஸலாத்தீன்' என்னும் செய்யுள் வரலாற்றை முடித்த இஸாமீ, ரளியா ஏறும்போது யாகூத் அருகே நின்று கைபிடித்து ஏற்றிவிடுவார் என்று பாடினார். மின்ஹாஜிடம் யானை, இஸாமீயிடம் குதிரை. இலாயத் தலைவர் அரசரின் வாகனத்தருகே நிற்பது அவர் பதவியின் கடமை என்பது புலவருக்குத் தோன்றவில்லை. நிகழ்ச்சிக்கும் இவருக்கும் இடையே நூற்றுப்பத்து ஆண்டுகள். இடைப்பட்ட அறிவிப்பாளர் எவர் பெயரையும் இவர் இங்கே தரவில்லை. அதோடு நில்லாமல், பெண்ணுக்கு உரிய இடம் அரியணையன்று, நூற்கும் இராட்டினத்தின் அருகே என்ற கருத்தில் அறிவுரையும் கூறுகிறார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியாவில் இராட்டினம் வழக்கில் இருந்ததற்குக் கிடைக்கும் பழைய சான்றுகளில் ஒன்றாக இவ்வரிகளைப் பொருளியல் வரலாற்றாசிரியர் இர்ஃபான் ஹபீப் எடுத்துக்காட்டினார். ரளியாவைப் பற்றி ஐயத்துக்கு இடமான இஸாமீயின் செய்யுள், கைத்தறித் தொழிலின் வரலாற்றுக்கு உறுதியான ஆதாரமாகிவிட்டது.

1334இல் தில்லி வந்த இப்னு பதூதா கேள்விப்பட்டதைத் தம் பயண நூலில் சொல்லியிருக்கிறார். நூல் நிறைவுற்றது 1355இல். ரளியா ஆண்களைப்போல் வில்லும் அம்புக்கூடும் ஏந்திச் சவாரி செய்தார், முகத்தை மறைக்கவில்லை, அபிசீனிய அடிமையுடன் இணைத்துச் சந்தேகிக்கப்பட்டார் என்கிறார். சந்தேகிக்கப்பட்டார் என்பதே அவர் சொல். நடந்ததாக அவரும் கூறவில்லை. தப்பியோடிய ரளியா உழவர் ஒருவரிடம் உணவு கேட்டு உண்டு உறங்கியபோது, மேலாடைக்குள் மணி பதித்த அங்கியைக் கண்டு அவர் கொன்றுவிட்டார் என்ற கதையும் இவர் வழியாகவே வருகிறது. பின்வந்தோர் இச்சரடுகளை முறுக்கிக்கொண்டே போயினர். 1983இல் கமால் அம்ரோஹீ இயக்கிய இந்தித் திரைப்படத்தில் அது முழுக் காதற் காவியமாகிவிட்டது. நாம் வகுப்பில் ஓதியது, உண்மையைச் சொன்னால், மின்ஹாஜைவிட அத்திரைப்படத்துக்கே நெருக்கமானது.

இப்னு பதூதாவையே இன்னோரிடத்தில் காண்போம். 1343இல் அவர் மாலத்தீவுக்குச் சென்றபோது அங்கே அரியணையில் இருந்தவர் சுல்தானா கதீஜா. வெள்ளிதோறும் குத்பாவில் அப்பெண்ணின் பெயர் கூறி துஆச் செய்யப்பட்டது. இப்னு பதூதா அதை ஒரு வியப்பாகக் குறித்துவிட்டு, அந்நாட்டின் காஜி பதவியையும் ஏற்றுக்கொண்டார். அங்கத்திய பெண்கள் மேலாடையின்றி நடமாடுவதைத் தடுக்க முயன்று தோற்றதாக வருந்துகிறாரே அன்றி, பெண் ஆட்சியின்கீழ் காஜியாக இருப்பது கூடுமா என்ற கேள்வியை எழுப்பவில்லை. ஆணைகளைப் பிறப்பித்து ஆட்சியை நடத்தியவர் சுல்தானாவின் கணவரான வஸீர் ஜமாலுத்தீன். குத்பாவில் ஒரு பெண்ணின் பெயரைக் கேட்பது அக்காலத்தாருக்கு இடறவில்லை. அப்பெயருக்குரியவரே யானையேறி வந்து ஆணையிட்டதுதான் இடறியது என்று நாம் கருதுகிறோம்.

அபூபக்ரா (ரலி) அவர்கள் அறிவிக்கும், கிஸ்ராவின் மகளைப் பாரசீகர் அரசியாக்கியது பற்றிய ஹதீஸை வாசகர்கள் நினைவுகூரக்கூடும். அது ஸஹீஹுல் புகாரீயில் உள்ளது. அதன் ஸனதில் நமக்குப் பேச்சில்லை. தலைமைப் பதவி குறித்துப் பெரும்பான்மை ஃபுகஹாக்கள் அதை ஆதாரமாகக் கொண்டதும், பெண்ணின் சாட்சியம் செல்லும் விவகாரங்களில் அவள் காஜியாகலாம் என இமாம் அபூஹனீஃபா கூறியதும், இமாம் தபரீ அதற்கும் அப்பால் சென்றதாகச் சொல்லப்படுவதும் ஃபிக்ஹு நூல்களில் விரிவாக உள்ளன. அந்நம்ல் அத்தியாயத்தில் ஸபா அரசி தம் பிரமுகர்களிடம் ஆலோசனை கேட்பதும், வீரம் பேசிய அவர்களைவிடத் தெளிவாகப் போரின் விளைவை அவர் மதிப்பிடுவதும் முஃபஸ்ஸிர்களின் கவனத்தைப் பெற்றுள்ளன. ஆட்சி கூடுமா, கூடாதா என்பது ஒரு மஸ்அலா. ஆண்ட பெண்ணின் கற்பைச் சான்றின்றிப் பேசலாமா என்பது வேறொரு மஸ்அலா. பின்னதற்கு அந்நூர் அத்தியாயம் விடை தந்துவிட்டது: நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவருக்குத் தண்டனை, அவருடைய சாட்சியம் பிறகு ஏற்கப்படாது. முதலாவதில் ரளியாவுக்கு எதிராக நிற்பவரும் இரண்டாவதில் அவருக்காக நிற்கக் கடமைப்பட்டவர். நாம் பல்லாண்டு இவ்விரண்டையும் கலந்து நடத்தியிருக்கிறோம். அல்லாஹ் மன்னிப்பானாக.

இப்போது அப்பாடத்தை நடத்தும்போது ஒவ்வொரு செய்தியின் எதிரேயும் ராவியின் பெயரையும் ஆண்டையும் கரும்பலகையில் எழுதிவிடுகிறோம். 1260க்கும் 1350க்கும் இடையே வெற்றிடம் கிடக்கிறது. மாணவிகள் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். நாம் விளக்க வேண்டியிருப்பதில்லை.

தில்லிக்குச் சென்ற ஒரு சமயம், துர்க்மான் வாயிலுக்கு அருகே புல்புலீ கானா என்னும் பகுதியில் ரளியாவுடையது எனப்படும் கப்ரைத் தேடிப்போனோம். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். இறுதியில் வீடுகளுக்கு நடுவே, கூரையில்லாத சிறு முற்றம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. யமுனைக் கரையில் நகரிலிருந்து ஒரு ஃபர்ஸக் தொலைவில் அவருடைய கப்ரு இருந்ததாகவும் மக்கள் ஸியாரத் செய்ததாகவும் இப்னு பதூதா எழுதியிருக்கிறார். கைத்தலிலும் ஒரு கப்ரைக் காட்டுவார்கள். புல்புலீ கானாவில் இரண்டு கப்ருகள் அருகருகே இருக்கின்றன. மற்றொன்று சகோதரியுடையது என்கிறார்கள் அங்கு வாழ்வோர். இரண்டின் கல்லிலும் எழுத்து இல்லை. ஃபாத்திஹா ஓதிவிட்டுத் திரும்பினோம்.